மூத்த தாரத்தின் குரல்

செப்டம்பர் 2, திங்கள்

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட விடவில்லை மெர்சி. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். "மிஸ், மிஸ், இங்க பாருங்க, உங்க வீட்டுக்காரர் படத்தப் பத்திப் பேசறான்!" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு தாடிக்காரப் பையன், யூடியூபில் சினிமா பேசுகிறவன். நீங்கள் பார்க்கத் தவறிய பேய்ப் படங்கள் என்று வரிசை போட்டிருக்கிறான். அதில் முதல் இடம் 'மூத்த தாரம்'.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மழையோடு வந்து மழையோடு போன படம். என் வீட்டுக்காரர் பூவராகன் எடுத்த ஒரே படம். தியேட்டரில் ஈ ஆடியது. இப்போது ஓடிடியில் போட்டிருக்கிறார்களாம், பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் படுக்கிறார்களாம்.

அதுவரை சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டான். "அந்தக் குரல் ப்ரோ! பேய்னா கத்தணும்னு யாரு சொன்னது? இந்தப் பேய் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி சாதாரணமாப் பேசுது. அதான் பயமே. மங்களூர்ல பொறந்த திவிஜா, தமிழே தெரியாத பொண்ணு, கோவில்பட்டித் தமிழக் கத்துக்கிட்டு சொந்தக் குரல்ல பேசியிருக்காங்க. இதுக்கு அவார்டு குடுக்காம விட்ட நம்மளச் செருப்பால அடிக்கணும்."

ஆமாடா, உன்னைத்தான் முதலில் அடிக்கணும்.

அது என் குரல். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த செண்பகவல்லியின் குரல். "கேக்கும்போதே புல்லரிக்குது மிஸ்" என்று மெர்சி கையை நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே சிலிர்த்திருந்தது. "ஆமா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் புளிசாதத்தை விழுங்கினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தால் என்னவோ நான் பொறாமை பிடித்தவள் மாதிரி இருக்கிறது. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

திவிஜாவுக்குத் தமிழ் வராது. கதாநாயகிகள் பாதிப்பேருக்கு வராது, அதற்கென்று டப்பிங் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 'மூத்த தாரம்' படத்துக்கும் ஒரு அம்மாள் வந்து பேசினார். கைதேர்ந்தவர்தான். ஆனால் நூறு பேய்ப் படத்துக்குப் பேசியவர், நூற்று ஒன்றாவதுக்கும் அதே மாதிரி மூச்சை இழுத்து, கிறீச்சிட்டுச் சிரித்து வைத்தார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஒருவரை அழைத்துப் பேசவைக்கத் தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார்.

"செண்பா, நீ சும்மா வந்து பேசிப் பாரேன். உங்க ஊர்ப் பேச்சுதானே" என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். இருட்டு அறை, முன்னால் மைக், அதற்கு மேலே திரையில் திவிஜா. அவள் அசைவுக்கு ஏற்றபடி நான் பேச வேண்டும். ஒவ்வொரு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். முகம் தெரிகிற கடைசித் துண்டைத்தான் அதிக தடவை ஓடவிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் முகம். மூக்குத்தி ஒட்டவே வேண்டாம், அப்படி ஒரு மூக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியில்லாவிட்டால் "ஒன் மோர்" என்று திரும்பப் பேசச் சொல்வார், அதுவும் திரையைப் பார்த்தபடியே. ஒரு தடவையாவது என் பக்கம் திரும்ப வேண்டுமே! மூன்று மாசம் படப்பிடிப்பில் பார்த்தது போதாதா?

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. கழுத்து வலிக்காதா மனுஷனுக்கு என்றுதான் நினைத்தேன்.

டப்பிங் பேச அதற்கான சங்கத்தின் உறுப்பினர் கார்டு வேண்டும். எனக்கு ஏது? என் பெயரை டைட்டிலில் போட்டால் படம் வெளிவருவதில் சிக்கல் என்றார்கள். போடவில்லை. சரி, அதோடு விட்டார்களா? தயாரிப்பாளர் போஸ்டரில் "திவிஜா சொந்தக் குரலில்" என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டார். நான் அழுதேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் ஓடட்டும் செண்பா. ஓடினதும் மேடையில நானே சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

படம் ஓடவில்லை. அதனால் அவர் சொல்லவில்லை, நானும் மூச்சு விடவில்லை. இப்போது ஓடுகிறதே! இனிமேல் சொல்லித்தானே ஆக வேண்டும்? நானாகப் போய்ச் சொன்னால் அது பீற்றல். டைரக்டர் சொன்னால்தான் அது பெயர். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 4, புதன்

கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பிறகு மோட்டார் போட்டாயா என்றார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மேல்மாவு வெடித்துவிட்டது. வெடிக்காமல் என்ன செய்யும், மனசு அதில் இருந்தால்தானே.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. விளம்பரப் படம், சீரியலுக்கு எபிசோடு என்று ஓடிக்கொண்டிருந்த மனுஷனை இப்போது எல்லோரும் 'சார், சார்' என்கிறார்கள். தலைக்குச் சாயம் போட்டாயிற்று. கிடப்பில் கிடந்த பேண்ட் எல்லாம் இஸ்திரிக்குப் போயிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாக இருந்தது. ஐந்து வயசு குறைந்த மாதிரி நடக்கிறார்.

யூடியூபில் யார் பேசினாலும் சத்தமாக வைத்துக் கேட்கிறார். கேமரா, வெளிச்சம், கதை என்று புகழும்வரை தலையை ஆட்டுகிறார். குரலைப் பற்றி ஆரம்பித்ததும் விரலால் தள்ளி முன்னால் ஓட்டிவிடுகிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன் அல்லவா, என் மனசு நோகும் என்றுதான். அந்த மட்டுக்கு நல்ல மனுஷன்.

சாயங்காலம் ஒரு செய்தி. ஒரு திரைப்படச் சங்கத்துப் பையன்கள் 'மூத்த தாரம்' படத்துக்குச் சிறப்புக் காட்சி வைக்கிறார்களாம். இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிறு காலை, வடபழனியில் ஒரு பிரிவியூ தியேட்டர். படம் முடிந்ததும் மேடையில் கேள்வி பதில்.

"நல்லதாப் போச்சுங்க. அன்னைக்குச் சொல்லிருங்க."

"திவிஜாவும் வராங்க" என்றார்.

கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 10, செவ்வாய்

திவிஜாவின் இன்ஸ்டாகிராமை நான் பார்க்கவில்லை. எனக்கென்ன வேலை இல்லையா?

சினிமாவை விட்டுவிட்டாள். மங்களூரில் குழந்தைகளுக்கு நடனப் பள்ளி. வீட்டுக்காரர் பல் டாக்டர். நாய் இரண்டு. ஒன்றுக்குக் கால் கொஞ்சம் நொண்டி. மீன் குழம்பு வைக்கிறாள், நிறம் சரியில்லை. ஆறு வருஷத்துப் படம் வரைக்கும்தான் பார்த்தேன், அதற்குள் சார்ஜ் போய்விட்டது.

இடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பாவி.

செப்டம்பர் 14, சனி

இன்று படத்தைப் பார்த்தேன். முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அன்று அந்தப் போஸ்டரைப் பார்த்த ஆத்திரத்தில் தியேட்டர் பக்கமே போகவில்லை. டப்பிங் அறையில் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. இவர் வெளியே போயிருந்தார். துவைத்த துணியை மடிக்காமல் கட்டிலில் போட்டுவிட்டு, மத்தியான வெயிலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்படியும் பாதியில் எழுந்து போய்க் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

கரிசல் காட்டில் ஒரு வீடு. பெண்டாட்டி செத்து வருஷம் திரும்புவதற்குள் ஒருத்தன் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். புதுப்பெண் பொன்னி அடுப்படிக்குள் போகிறாள். குழம்பு கொதிக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல், "புளி கூடிப்போச்சு தாயி." திரும்பினால் யாரும் இல்லை. அவ்வளவுதான். இரத்தம் இல்லை, நாக்கைத் தொங்கப்போடுகிற வேலை இல்லை. செத்துப்போன மூத்தவள் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள், யாரையும் அடிக்கவும் மாட்டேன் என்கிறாள். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்லித் தருகிறாள். அவருக்கு இஞ்சி ஆகாது என்கிறாள். சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே இளையவளைப் பைத்தியமாக அடிக்கிறாள்.

என் வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. பிரமாதமாக எடுத்திருக்கிறார். ஆள் இல்லாத அடுப்படியை அவ்வளவு நேரம் காட்டுகிறார், சட்டியில் எண்ணெய் தானாகப் பொரிகிறது. பேயின் முகத்தைக் கடைசிவரை காட்டவே இல்லை. முதுகு, கை, கொண்டை. கடைசியில்தான் முகம் வருகிறது, இளையவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே. அப்போது மூத்தவள் சொல்கிறாள்: "அவர ஒனக்குக் குடுத்துட்டேன்னு நெனைக்காத. பாத்துக்கிடச் சொல்லிருக்கேன், அம்புட்டுதான்."

வசனம் எல்லாம் அவர் எழுதியது. அந்த வரி மட்டும் இல்லை. பேப்பரில் வேறு என்னவோ இருந்தது. மைக் முன்னால் நின்று, திரையில் அவளையும் கண்ணாடிக்குப் பின்னால் இவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாயில் தானாக வந்துவிட்டது. வாய் அசைவுக்கும் பொருந்தியது. அறையில் ஒருத்தரும் பேசவில்லை. எனக்கு மைக் கோளாறோ என்றுதான் தோன்றியது.

திவிஜாவும் நன்றாகத்தான் நடித்திருக்கிறாள். இதை எழுதும்போது பேனா சரியாக எழுதவில்லை, உதறி உதறி எழுதினேன். ஆனால் கண் மட்டும்தான் அவளுடையது. மற்றதெல்லாம் நான். அந்தக் குரலை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? அழகான பெண் ஒருத்தி தலை பின்னுகிறாள்.

துணியை மடித்து வைத்தேன். இவருடைய சட்டைகளை மட்டும் மடிக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஒரு மாசத்துக்கு மீன் கிடையாது, முட்டை கிடையாது. மனுஷனுக்குக் கவிச்சி நின்றதுமே கோபம் அதிகமாகும், இன்று அதற்கும் மேலே.

ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். "சார், அந்தக் குரலைப் பத்திச் சொல்லுங்க. அத எப்படிப் புடிச்சீங்க?" என்றாள். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "எல்லாரும் குரல், குரல்ங்கறாங்க. குரல்ல என்னங்க இருக்கு? அந்தக் குரலுக்கு முன்னாடி நான் வெச்ச அமைதி இருக்கே, அதான் பயம். யார் பேசியிருந்தாலும் அங்க பயந்திருப்பீங்க" என்றார்.

யார் பேசியிருந்தாலுமா? முதலில் பேசிய அம்மாள் பேசினாரே, அப்போது யார் பயந்தார்கள்?

அந்தப் பெண் போனதும் பிடித்துக்கொண்டேன். "இப்பச் சொல்லிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இப்பப் போயி அதச் சொன்னா, அப்பப் பொய் சொன்னோம்னு ஆகாதா?"

"ஆகட்டும். போஸ்டர் அடிச்சது நானா?"

"உனக்குப் புரியாது செண்பா. திவிஜா வராங்க. அவங்கள மேடையில வெச்சு அசிங்கப்படுத்தச் சொல்றியா?"

ஓகோ! அங்கே இருக்கிறதா விஷயம். அவள் மனசு நோகக்கூடாது. என்னுடையது மனசு இல்லை, மண்ணாங்கட்டி. பதினோரு வருஷம் கழித்தும் அவளை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை இவருக்கு.

ராத்திரிக்கு உப்புமா கிண்டினேன். அவருக்கு உப்புமா பிடிக்காது.

செப்டம்பர் 21, சனி

காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. செல்லின் படம் வரைந்து பாகம் குறி என்றால் ஒருத்தன் பொரித்த முட்டை வரைந்து வைத்திருக்கிறான். பாகமும் குறித்திருக்கிறான்.

மெர்சி காட்சிக்குத் தானும் வருவதாகச் சொல்கிறாள். ஸ்டாஃப் ரூமில் பேய் மாதிரி பேசிக் காட்டினாள். "புளி கூடிப்போச்சு தாயீ" என்று ராகம் போட்டு இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "திவிஜா மாதிரி யாரால முடியும்" என்று அவளே சலித்துக்கொண்டாள். நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து சாதம் சாப்பிடுகிறேன், என் குரலில் பேச முடியவில்லை என்று என்னிடமே வருத்தப்படுகிறாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அடக்கிக்கொண்டேன். அவர் வாயால் வரட்டும். இன்னும் ஒரு வாரம்.

செப்டம்பர் 26, வியாழன்

சாயங்காலம் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. திவிஜா என்று பெயர் வந்தது. எடுப்பேனா மாட்டேனா? எடுத்தேன்.

"ஹலோ, யாரு?" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சே இல்லை.

"யாருங்க? சொல்லுங்க. அவுக குளிக்காக, என்ன சொல்லணும்?" என்றேன்.

"நீங்க... நீங்க யாரு?" என்று கேட்டாள். குரல் நடுங்குகிற மாதிரி இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

பார்த்தாயா அகம்பாவத்தை! வீட்டுக்காரி எடுத்தால் பேசக்கூடாதா? அப்படி என்ன இரகசியம் இவரிடம்? இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "உங்க மங்களூரு அம்மா கூப்பிட்டாக. நான் பேசுனதும் வச்சுட்டாக" என்றேன். இவருக்கு முகம் செத்துவிட்டது. துண்டு கையிலேயே நிற்கிறது. "நீயா எடுத்தே? நீ பேசினியா? என் போன எதுக்குத் தொடறே?" என்று கத்தினார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் போனுக்காக என்னிடம் கத்தியதில்லை. இனி எனக்கு என்ன சந்தேகம் மிச்சம் இருக்கிறது?

செப்டம்பர் 27, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை நீ வரணுமா? கூட்டமா இருக்கும், உனக்குத் தலைவலி வரும்" என்கிறார்.

வருவேன். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வருவேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

தியேட்டர் நிரம்பி, படிக்கட்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மெர்சியும் நாலாவது வரிசை. இவர் முன் வரிசையில், திவிஜாவுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. அவள் சாதாரணக் காட்டன் சேலையில் வந்திருந்தாள், அதுவும் பொருந்தியிருந்தது, என்ன செய்ய. படம் ஓடியது. என் குரல் பெரிய ஸ்பீக்கரில் வந்தபோது ஒரு பையன் தன் சிநேகிதன் சட்டைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். எனக்குக் குளிர்ந்துவிட்டது. கடைசி வரி வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மெர்சி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மேடையில் இரண்டு பேரையும் உட்காரவைத்தார்கள். முதல் கேள்வியே அதுதான். சங்கத்துப் பையன் மைக்கைத் திவிஜாவிடம் நீட்டி, "மேடம், அந்தக் குரலை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்றான். நான் இவரையே பார்த்தேன். இப்போது சொல்லுங்கள், இப்போது சொன்னால் போதும் என்று என் வாய் முணுமுணுத்தது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திவிஜா மைக்கை வாங்கினாள். "சாரி. அது என் குரல் இல்லே" என்றாள்.

மெர்சி என் பக்கம் திரும்பி முழித்தாள்.

"என் தமிழ் இப்பவே இப்படி. அப்ப எப்படி பேசுவேன்? போஸ்டர்ல போட்டது எனக்கே தெரியாது, ஊருக்குப் போயிட்டேன். படம் பாத்து நான் அழுதேன். என் முகத்துல யாரோ ஒரு அம்மா உயிர் போட்டாங்க. அவங்கள நேர்ல பாக்கணும், காலத் தொடணும்னு சார்கிட்ட எத்தன தடவ கேட்டேன். சார் சொன்னாரு, அந்த அம்மா இப்ப இல்லே, இறந்துட்டாங்கன்னு."

மெர்சி "ஐயோ பாவம்" என்றாள்.

"மூணு நாள் முன்னாடி சாருக்கு ஃபோன் பண்ணேன். அந்தக் குரல் எடுத்துச்சு. அதே குரல். யாருங்க, என்ன சொல்லணும்னு கேட்டுச்சு. எனக்கு ஜுரம் வந்துருச்சு. என் மாமியார் சொன்னாங்க, அந்த ஆத்மாவுக்கு நீ நன்றியே சொல்லல, அதான் கூப்பிடுதுன்னு. ப்ளீஸ், எல்லாரும் அவங்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிக்கலாமா?"

தியேட்டர் மொத்தமும் எழுந்தது. படிக்கட்டுப் பிள்ளைகளும் எழுந்தார்கள். மெர்சி கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டாள். பழக்க தோஷம், நானும் எழுந்து நின்றேன். அரக்குப் பட்டில், தலையில் மல்லிகைப்பூவோடு, எனக்கு நானே அஞ்சலி செலுத்தினேன். மேடையில் என் வீட்டுக்காரரும் நின்றார். தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன எனக்காக மௌனமாக நின்றார். அதைப் பார்த்ததும்தான் என் உடம்பு பற்றி எரிந்தது.

"எல்லாரும் உக்காருங்க. நான் ஒண்ணும் சாகல. இங்கனதான் நிக்கேன்" என்றேன்.

மைக் தேவைப்படவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் "அம்மா!" என்று அலறினாள். நாற்காலிகள் தடதடவென்று சாய்ந்தன. மெர்சி என்னை விட்டு இரண்டு அடி நகர்ந்து போய் வாயைப் பொத்திக்கொண்டாள். திவிஜா மைக்கைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு மேடையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடி வந்து, என் கையைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பெரிதாக, குழந்தை மாதிரி.

எத்தனை வருஷமாக இவளைப் பார்த்து வயிறு எரிந்தேன். என்னைத் தேடியது இவள் ஒருத்திதான். அவள் அழ அழ எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அழாதம்மா, மை கலையுது" என்றேன்.

கூட்டம் கைதட்டியது, விசில் அடித்தது. சங்கத்துப் பையன் மேடையில் திரும்பி, "சார், இவங்க யாரு சார்?" என்று மைக்கில் கேட்டான்.

"என் ஒய்ஃப்" என்றார் இவர்.

அவ்வளவுதான் சொன்னார்.

செப்டம்பர் 30, திங்கள்

பள்ளிக்கூடத்தில் மெர்சி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள், கொடுக்கும்போது கையைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டாள். வீட்டில் பேச்சு இல்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லீவு. மகாளய அமாவாசையும் கூட. இவர் காலையில் குளக்கரைக்குப் போய் அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். வாழைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் சேத்துக் குடுத்தீகளா, எள்ளுந் தண்ணியும்?" என்றேன்.

மூன்று நாளாகப் பேசாதவள் பேசியதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஈர வேட்டி. தலைச்சாயம் காதோரம் வெளுத்திருந்தது. வாழைக்காய் கருகாமல் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அவ மேல ஆசைன்னா ஆசைன்னு சொல்லிட்டுப் போங்க. என்னைய எதுக்குச் சாகடிச்சீக?"

"அவ மேல எனக்கென்ன ஆசை? பைத்தியமா உனக்கு?" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "போஸ்டர் அடிக்கறதுக்கு முன்னாடி பிரிவியூ போட்டோமே, ஞாபகம் இருக்கா. நீ வரல. படம் முடிஞ்சு விளக்கு போட்டதும், இருந்த பெரிய ஆளுங்க எல்லாம் எழுந்து எங்கிட்ட வந்தாங்க. ஏழு வருஷம் அந்தக் கதைய வெச்சுகிட்டு அலைஞ்சேன் செண்பா. கையப் புடிச்சு, 'யாருய்யா அந்தக் குரல்?'னு கேட்டாங்க. எல்லாரும் அதையே கேட்டாங்க. அப்புறம் திவிஜா கேட்டா. ஒருத்தர்கூட, பூவராகன், நல்லா எடுத்திருக்கீங்கன்னு சொல்லல. உன் ஒரு மத்தியானத்துப் பேச்சு என் ஏழு வருஷத்தச் சாப்பிட்டிருச்சு. கடைசி வரிகூட என்னோடது இல்ல. அவ திரும்பத் திரும்பக் கேட்டா, என்னால தாங்க முடியல. செத்துட்டாங்கன்னு வாயில வந்திருச்சு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கோபம் வரும் வரும் என்று நின்றேன். வரவில்லை. வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதன் ருசி, அதன் வாசனை எல்லாம் தெரியும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், நான் அவளை நினைத்து எரிய, இவர் என்னை நினைத்து எரிந்திருக்கிறார். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்! கைதட்டலும் விசிலும் எனக்குத் தராத ஒரு நிறைவு அப்போது வந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வந்தது. சிரித்துவிடக் கூடாது என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

அவருடைய போனை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். தயாரிப்பாளரின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"சொல்லுங்க. நான் கேக்கணும்" என்றேன்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், நம்ம படத்துல பேயிக்குப் பேசினது என் வீட்டுக்காரி. செண்பகவல்லி. ஓடிடில டைட்டில மாத்தி அவ பேரப் போடணும்" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, பாதி வார்த்தை வெளியே கேட்கவில்லை.

"சரியா வரல. ஒன் மோர்" என்றேன்.